பழைய துப்பாக்கியைக் கைமாற்றுவது எப்படி?

நமது அங்கத்தினர் சிலரின் இல்லங்களில் பெரியவர் காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கி இருப்பதுண்டு. கொள்முதலுக்கு ரொக்கத்தைப் பையில் கட்டிக்கொண்டு போன நாளில் வாங்கியது. வங்கி வழியாகப் பணம் போய்வரும் இன்று அது பீரோவில் தூங்குகிறது. அதை விற்கலாமா, மகன் பெயருக்கு மாற்றலாமா, பழம்பொருளாக வைத்துக்கொள்ளலாமா என்று யோசிப்போருக்காக இதை எழுதுகிறோம்.

இதற்கு அடிப்படை 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். லைசென்ஸ் இன்றி துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்கிறது அதன் 3ஆவது பிரிவு. மனு செய்ததும் லைசென்ஸ் வழங்கும் அதிகாரி, மனுதாரரைப் பற்றி அருகிலுள்ள காவல் நிலையத்தில் அறிக்கை கேட்பார். 21 வயது நிரம்பாதவருக்குப் பொதுவாகக் கிடைக்காது. வன்முறைக் குற்றத்தில் தண்டனை பெற்றவர், அத்தண்டனை முடிந்து 5 ஆண்டு கழியும் வரை பெற முடியாது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் ஒருவர் பொதுவாக 2 துப்பாக்கிகளே வைத்திருக்கலாம், முன்பு 3. லைசென்ஸ் காலம் 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாயிற்று.

இனி விற்பனை. நம்மவர்கள் இடறுவது இங்கேதான். சொந்த உபயோகத்துக்குச் சட்டப்படி வைத்திருக்கும் துப்பாக்கியை விற்க வியாபார லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் வாங்குபவர் அதை வைத்திருக்க உரிமை உள்ளவராக இருக்க வேண்டும். "நம்ம மண்டிக்காரர்தானே, லைசென்ஸ் பிறகு வாங்கிக்கொள்வார்" என்று கொடுப்பது சரக்கைக் கடனுக்குக் கொடுப்பது போன்றதல்ல. 5ஆவது பிரிவுப்படி, விற்க எண்ணியிருப்பதையும் வாங்குபவரின் பெயர், முகவரியையும் மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ அருகிலுள்ள காவல் நிலைய அதிகாரிக்கோ முன்னதாக எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அதன் பிறகு 45 நாள் கழிய வேண்டும். மார்ச் 1ஆம் தேதி கடிதம் கொடுத்தால் ஏப்ரல் 15 வரை பொருள் நம்மிடமே இருக்கட்டும். கடிதத்தின் நகலில் தேதியிட்ட முத்திரை பெற்று, கடை ரசீதுகளைப் போலவே பத்திரப்படுத்துங்கள். 45 நாளை எண்ணிக் காட்ட அதுவே சாட்சி.

அமெரிக்காவில் லைசென்ஸ் பெற்ற வியாபாரி விற்கும்போது வாங்குபவரின் பின்னணி விசாரிக்கப்படுகிறது. 1993ஆம் ஆண்டின் பிராடி சட்டம் கொண்டுவந்த முறை அது. வியாபாரி அல்லாத ஒருவர் தன் மாநிலத்தவருக்கு விற்றால் மத்தியச் சட்டம் அந்த விசாரணையைக் கேட்பதில்லை. பல மாநிலங்கள் தனியே கேட்கின்றன. நம் சட்டத்தில் அந்தச் சந்து இல்லை என்பது நல்லதே என்பது எமது கருத்து. 45 நாள் காத்திருப்பு அலுப்புத்தான், ஆனால் பின்னால் வரக்கூடிய வழக்கை விட அலுப்புக் குறைவு. 5ஆவது பிரிவை மீறி விற்பவருக்குக் குறைந்தது 7 ஆண்டு சிறை. ஆயுள் வரையும் போகலாம்.

லைசென்ஸ்தாரர் காலமானால் லைசென்ஸ் வாரிசுக்குத் தானாக வந்துவிடாது. கருமாதி முடிந்து பங்கு பிரிக்கும் வரை பீரோவிலேயே கிடக்கட்டும் என்று விடுவது ஆபத்து. லைசென்ஸ் இன்றி வைத்திருந்ததாகவே அது கொள்ளப்படலாம். அதற்குத் தண்டனை 2 முதல் 5 ஆண்டு. 21ஆவது பிரிவுப்படி தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது பெற வேண்டும். பிறகு வாரிசு தன் பெயரில் லைசென்ஸுக்கு மனு செய்யலாம், அல்லது உரிமையுள்ள ஒருவருக்கு விற்கலாம். வாரிசாக வந்தாலும் 2 என்ற வரம்பு மாறாது.

பழம்பொருள் சேகரிக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. "நூறு வருஷத்துச் சாமான், லைசென்ஸ் எதற்கு?" என்பது தவறான கணக்கு. பழைய மாதிரியாகவோ பழுதானதாகவோ இருப்பது மட்டும் போதாது. பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருந்தால்தான் 45ஆவது பிரிவின் விலக்கு உண்டு. குழலைத் துடைத்து எண்ணெய் விட்டால் வெடிக்கும் என்றால் அது துப்பாக்கிதான். சுவரில் மாட்டுமுன் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடைக்காரரிடம் காட்டிப் பார்த்து, அதிகாரிக்கும் எழுதிக் கேட்டுவிடுங்கள்.