வோட்டர் ஜாபிதாவில் பெயர் பதிவு: விதிகளும் தவணைகளும்

(பிரம்மதேசம் முதலிய கிராமங்களின் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பாடம்)

கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் யாவரும் அனுபவத்தில் அறிந்த உண்மை ஒன்றுண்டு. பங்குத் தொகை நூறு ரூபாயாயினும் ஆயிரம் ரூபாயாயினும் பொதுக் கூட்டத்தில் ஒருவருக்கு ஒரு வோட்டே. ஆயினும் அந்த ஒரு வோட்டும் அங்கத்தினர் பதிவேட்டில் பெயர் ஏறியவருக்கே உரியது. நாட்டின் தேர்தலும் இவ்வாறே நடைபெறுகிறது. வயது வந்த பிரஜை என்பதனால் மட்டும் ஒருவர் வோட்டுப் போட இயலாது. வாக்காளர் பட்டியல் எனப்படும் ஜாபிதாவில் அவர் பெயர் இருத்தல் வேண்டும். சங்கப் பதிவேடு வேறு, இந்த ஜாபிதா வேறு. ஒன்றில் பெயர் இருப்பது மற்றொன்றில் இருப்பதற்குச் சாட்சியாகாது.

1. பழைய முறையும் புதிய முறையும்

பிரம்மதேசம் என்னும் ஊர்ப்பெயர், அரசர்கள் பிராமணர்களுக்குத் தானமாக அளித்த பிரமதேய நிலத்தைக் குறிப்பது. அத்தகைய ஊர்களைச் சபைகள் ஆண்டுவந்தன. முதற் பராந்தக சோழர் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், உத்தரமேரூரில் வெட்டப்பட்ட கல்வெட்டுக்கள் குடவோலை முறையின் விதிகளை விளக்குகின்றன. வாரியத்திற்குத் தெரிந்தெடுக்கப்படுவோர் வரி செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலமும், சொந்த மனையில் வீடும் உடையவராயிருத்தல் வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேலும் எழுபதுக்கு உட்பட்டும் இருத்தல் வேண்டும். வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் விலக்கப்பட்டனர். கணக்கைப் பற்றிய இவ்விதி இன்றைய சங்கங்களும் போற்றத்தக்கதே. எனினும் பெண்களுக்கும், நிலமற்ற உழவருக்கும் அம்முறையில் இடம் இருக்கவில்லை.

சென்னை மாகாணத்தில் 1921-ம் வருஷத்தில் பெண்களுக்குச் சட்டசபை வோட்டுரிமை கிடைத்தது. ஆனால் 1935-ம் வருஷத்துச் சட்டப்படி நடந்த தேர்தல்களிலும் சொத்து, வரி, எழுத்தறிவு போன்ற தகுதிகள் கேட்கப்பட்டன. கூலியாளர் பெரும்பாலோர் வெளியே நின்றனர். சுதந்திர இந்தியாவின் அரசியல் சட்டம் 1950-ம் வருஷம் ஜனவரி 26-ந் தேதி அமலுக்கு வந்தபோது இத்தடைகள் யாவும் நீங்கின. அதன் 326-வது பிரிவு, வயது வந்தோர் அனைவருக்கும் வோட்டுரிமை அளித்தது. 21 ஆக இருந்த வயது வரம்பு 1989-ல் 18 ஆகக் குறைக்கப்பட்டது.

உரிமை கிடைத்த உடனேயே ஒரு பெரும் நஷ்டமும் நேர்ந்தது. 1951-52-ம் வருஷத்து முதற் பொதுத் தேர்தலுக்கு ஜாபிதா எழுதச் சென்றவர்களிடம், நாட்டின் சில பகுதிகளில் பெண்கள் பலர் தம் சொந்தப் பெயரைக் கூறவில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே கூறினர். இவ்வாறு ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் ஜாபிதாவில் இடம் இழந்தனர். சட்டம் தந்ததைப் பதிவுக் குறை பறித்துவிட்டது. இப்பாடத்தின் சாரம் இதுவே.

2. யார் பதிவு பெறலாம்

1950-ம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் கூறும் தகுதிகள் சிலவே. இந்தியப் பிரஜையாயிருத்தல், தகுதித் தேதியில் 18 வயது நிரம்பியிருத்தல், தொகுதியில் சாதாரணமாக வசித்தல். சித்த சுவாதீனமில்லாதவர் என்று நியாயஸ்தலத்தால் தீர்மானிக்கப்பட்டவரும், தேர்தல் முறைகேடு முதலிய குற்றங்களுக்காக வோட்டுரிமை இழந்தவரும் சேரார்.

'சாதாரணமாக வசித்தல்' என்பதில் ஐயம் எழுவதுண்டு. ஊரில் வீடோ நிலமோ இருப்பது மட்டும் வசிப்பிடமாகாது. அவ்வாறே சில காலம் வெளியூர் சென்றிருப்பதனால் மட்டும் வசிப்பிடம் போய்விடாது. மரக்காணம் உப்பளத்திற்கோ, சென்னைக் கட்டட வேலைக்கோ சில மாதம் சென்று திரும்புபவர் தம் ஊரிலேயே பதிவு பெற உரியவர். குடும்பத்துடன் வேற்றூரில் நிலையாகக் குடியேறியவர் அவ்வூருக்குப் பதிவை மாற்றிக்கொள்ள வேண்டும். ஒருவர் இரண்டு இடங்களில் பதிந்திருத்தல் கூடாது. தெரிந்தே பொய் வாக்குமூலம் கொடுப்பவருக்கு ஓராண்டு வரை சிறைவாசமோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

3. தகுதித் தேதிகள் நான்கு

முன்னர் ஜனவரி 1-ந் தேதி ஒன்றே தகுதித் தேதியாயிருந்தது. ஜனவரி 2-ல் 18 வயது நிரம்பியவர் ஏறக்குறைய ஒரு வருஷம் காத்திருக்க நேர்ந்தது. 2021-ல் செய்யப்பட்ட சட்டத் திருத்தம் 2022-ம் வருஷம் ஆகஸ்ட் 1-ந் தேதி அமலுக்கு வந்தபின், ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என நான்கு தேதிகள் உள்ளன. 2009-ம் வருஷம் பிப்ரவரி 15-ந் தேதி பிறந்த ஒருவருக்கு 2027 பிப்ரவரியில் 18 வயது நிரம்பும். ஆகையால் 2027 ஏப்ரல் 1-ந் தேதியைக் கொண்டு அவர் பதிவு பெறலாம். 17 வயது கடந்தவர்கள் முன்கூட்டியே மனுச் செய்துகொள்ளவும் இடமுண்டு.

4. மனுப் படிவங்கள்

புதிதாகப் பெயர் சேர்க்க 6-ம் படிவம். இறந்தவர் பெயரையோ, இடம் பெயர்ந்தவர் பெயரையோ நீக்கவும், ஒருவர் பெயரைச் சேர்ப்பதை ஆட்சேபிக்கவும் 7-ம் படிவம். பிழை திருத்தவும், வசிப்பிடம் மாற்றவும், தொலைந்த அட்டைக்குப் பதில் வேறு பெறவும் 8-ம் படிவம். மணமாகிப் புகுந்த வீட்டிற்கு வந்த பெண், முன்னரே தாய் வீட்டில் பதிந்திருப்பின் 8-ம் படிவமே கொடுக்க வேண்டும்.

6-ம் படிவத்துடன் புகைப்படமும், வயதுக்கும் வசிப்பிடத்திற்கும் உரிய தஸ்தாவேஜுகளின் நகலும் இணைக்கப்படும். பிறப்புச் சான்றிதழ், பத்தாம் வகுப்புச் சான்றிதழ் முதலியன வயதுக்கு உதவும். ஆதார் அட்டை, பாங்கு அல்லது தபாலாபீஸ் பாஸ் புத்தகம், ரெவினியூ இலாகாவின் நில உரிமைப் பத்திரம் முதலியன வசிப்பிடத்திற்கு உதவும். கிராமத்து ஆரம்பக் கூட்டுறவுச் சங்கத்தின் பாஸ் புத்தகம் இவ்வரிசையில் கூறப்படவில்லை என்பதை அங்கத்தினர் கவனிக்க. மனுவை வாக்குச் சாவடி நிலை அலுவலரிடமோ, வாக்காளர் பதிவு அதிகாரியிடமோ, தேர்தல் கமிஷனின் இணையதளம் வழியாகவோ கொடுக்கலாம். ஐயம் கேட்க 1950 என்ற தொலைபேசி எண் உள்ளது.

ஊரைக் குறிப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். பிரம்மதேசம் என்னும் பெயர் விழுப்புரம் ஜில்லாவிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்களுக்கு உண்டு. திண்டிவனத்திற்கும் மரக்காணத்திற்கும் அணித்தாக ஒன்று. எண்ணாயிரத்தை அடுத்துச் சோழர் காலக் கோயில்களுடன் ஒன்று. திருநெல்வேலி ஜில்லாவில் அம்பாசமுத்திரத்தின் அருகிலும் இப்பெயருடைய ஊர் உண்டு. ஆகவே ஊர்ப்பெயருடன் தாலுகா, தபாலாபீஸ், பின்கோடு ஆகியவற்றையும் தெளிவாக எழுதுதல் அவசியம்.

5. தவணைகள்

நகல் ஜாபிதா வெளியானதும், கோரிக்கைக்கும் ஆட்சேபணைக்கும் பொதுவாக 30 நாள் தவணை தரப்படும். அத்தவணை கடந்தபின் இறுதி ஜாபிதா வெளியாகும். அதன் பின்னும் மனுச் செய்யலாம். ஆனால் தேர்தல் நெருங்குங்கால் ஒரு கதவு அடைபடும். அபேட்சகர்கள் நியமனப் பத்திரம் தாக்கல் செய்யும் கடைசி நாளுக்குப் பின், அத்தேர்தல் முடியும்வரை ஜாபிதாவில் ஒரு பெயரையும் சேர்க்கவோ நீக்கவோ சட்டம் இடந்தரவில்லை.

இதை ஓர் உதாரணத்தால் அறியலாம். ஒரு மாதம் 1-ந் தேதி தேர்தல் அறிவிக்கை வெளியாயிற்று என்று கொள்வோம். விடுமுறை குறுக்கிடாவிடில் நியமனத்திற்குக் கடைசி நாள் 8-ந் தேதி. பரிசீலனை 9-ந் தேதி. வாபஸ் பெறக் கடைசி நாள் 11-ந் தேதி. அதற்குப் பதினான்கு நாள் முடியுமுன் வோட்டெடுப்பு நடத்தலாகாது. எனவே வோட்டெடுப்பு 25-ந் தேதியோ அதற்குப் பின்னரோ நடக்கும். 5-ந் தேதி மனுச் செய்பவர், இன்னும் இருபது நாள் இருக்கிறதே என்று எண்ணுவார். ஆனால் ஒவ்வொரு மனுவையும் பற்றி அறிவிப்பு ஒட்டி, ஆட்சேபணைக்கு ஏழு நாள் விடவேண்டும் என்பது விதி. அந்த ஏழு நாள் முடியுமுன் 8-ந் தேதி கடந்துவிடும். ஆகையால் நியமனக் கடைசி நாளுக்குக் குறைந்தது பத்து நாள் முன்னதாக மனுச் செய்தாக வேண்டும். தேர்தல் பேச்சு எழும்வரை காத்திராமல் இருப்பதே உத்தமம்.

6. ஒருமுறை ஏறிய பெயர் என்றும் நிலைப்பதன்று

2025-ம் வருஷம் நவம்பர் 4-ந் தேதி தமிழ் நாட்டில் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. வீடுதோறும் கணக்கெடுப்புப் படிவம் கொடுத்துத் திரும்பப் பெற்றனர். அதற்கு முன் ஜாபிதாவில் ஏறத்தாழ 6 கோடியே 41 லட்சம் பெயர்கள் இருந்தன. டிசம்பர் 19-ந் தேதி வெளியான நகலில் ஏறத்தாழ 5 கோடியே 43 லட்சம் பெயர்களே காணப்பட்டன. மரணம், இடமாற்றம், இரட்டைப் பதிவு ஆகியன காரணங்களாகக் கூறப்பட்டன. விடுபட்டவர் மீண்டும் கோரிக்கை மனுக் கொடுக்கத் தவணை அளிக்கப்பட்டது. ஆயினும் நகலைப் பார்த்தவரே தம் பெயர் விடுபட்டதை அறிந்திருப்பர். சென்ற தேர்தலில் வோட்டுப் போட்டோம், கையில் அட்டை இருக்கிறது என்று நிம்மதியாக இருத்தல் தவறு. ஜாபிதாவில் பெயர் இருந்தால் அட்டையில்லாதவரும், கமிஷன் ஒப்புக்கொண்ட வேறு அடையாளத்தைக் காட்டி வோட்டுப் போடலாம். பெயர் இல்லையேல் அட்டை பயன்படாது.

ஒருவர் இடம் பெயர்ந்தார் என்றோ, தகுதியற்றவர் என்றோ பெயரை நீக்குமுன், அவருக்குத் தம் பக்கத்தைக் கூறச் சந்தர்ப்பம் அளித்தல் வேண்டும். பதிவு அதிகாரியின் உத்தரவால் குறையுற்றவர் 15 நாளுக்குள் ஜில்லா மாஜிஸ்டிரேட்டாகிய கலெக்டரிடம் அப்பீல் செய்யலாம். அத்தீர்ப்பின்மேல் 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் இரண்டாம் அப்பீல் உண்டு.

7. கிராமத்திற்கு இதனால் என்ன

பஞ்சாயத்துத் தேர்தலுக்கு உரிய ஜாபிதாவும் சட்டசபை ஜாபிதாவைக் கொண்டே தயாரிக்கப்படுகிறது. கிராம சபை என்பதும், அரசியல் சட்டப்படி, அக்கிராம ஜாபிதாவில் பதிந்தவர்களைக் கொண்ட சபையேயாகும். குடிநீருக்கும் சாலைக்கும் தீர்மானம் செய்யும் சபையில், பெயர் விடுபட்டவர் அங்கத்தினரல்லர். விடுபடுபவர் பெரும்பாலும் பிழைப்புக்காக வெளியூர் செல்லும் ஏழையும், புதிதாக மணமாகி வந்த பெண்ணும், தனித்திருக்கும் முதியோருமே. இவர்கள் குரலே சபைக்கு மிகவும் தேவையானது.

ஆகவே ஒவ்வொரு சங்கமும், நகல் ஜாபிதா வெளியானதும், அதைத் தன் கட்டடத்தில் ஒரு மாலை உரக்கப் படிக்க ஏற்பாடு செய்யலாம். மனுக்களை மொத்தமாகத் திரட்டிக் கொடுக்கலாகாது. அவரவரே கையொப்பமிட்டுக் கொடுக்கச் சங்கம் துணை புரியலாம். எக்கட்சிக்கும் சார்பின்றி இது நடைபெறல் வேண்டும்.

படிப்பு வட்டத்தில் ஆலோசிக்க வேண்டிய வினாக்கள்

(1) அடுத்த தகுதித் தேதி எது? அன்று 18 வயது நிரம்பியிருப்போர் நமது ஊரில் எத்தனை பேர்?

(2) சென்ற ஓராண்டில் மணமாகி வந்த பெண்களின் பெயர் எவ்வூர் ஜாபிதாவில் உள்ளது?

(3) இறந்தோர் பெயர் நீக்கப்பட்டதா? உயிருடன் உள்ளோர் பெயர் தவறி நீக்கப்பட்டதா?

(4) அறிவிக்கை 10-ந் தேதி வெளியானால், மனுச் செய்யத் தக்க கடைசி நாள் எது?