மண் அரசுக்கு, ஆண்டுகள் மக்களுக்கு

கேள்வி: சிங்கப்பூர் அரசு நிலத்தை விற்கிறதா, குத்தகைக்கு விடுகிறதா? தவணை முடிந்தபின் வீடு யாருக்கு?

பதில்: அங்கு ‘அரசு நில விற்பனை’ என வழங்குவது பெரும்பாலும் குத்தகையே. 1967இல் தொடங்கிய இத்திட்டத்தில் ஒப்பந்தப்புள்ளி வழியாக மனையைப் பெறும் நிறுவனம், குடியிருப்பு மனையாயின் பொதுவாக 99 ஆண்டு அனுபவ உரிமையை மட்டுமே அடைகிறது. தொழிற்பேட்டை மனைகளுக்கான உச்சவரம்பு 2012இல் 60 ஆண்டுகளிலிருந்து 30 ஆகக் குறைக்கப்பட்டது. விற்பனைத் தொகை ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் சேராமல், அதிபரின் இசைவின்றி எடுக்கவியலாத கையிருப்பு நிதிக்குச் செல்வதும், அந்நிதியின் எதிர்பார்க்கப்படும் முதலீட்டு வருவாயில் அதிகபட்சம் பாதியே செலவுக்குக் கிடைப்பதும், பொதுநிலத்தை விற்று அன்றாடச் செலவைச் சமாளிக்கும் நகரங்கள் அவசியம் கற்க வேண்டிய ஒழுங்காகும்.

எனினும் இப்படிக் குத்தகைக்கு விடப்படும் நிலம் அரசின் கைக்கு வந்ததில், பொதுத்தேவைக்குத் தனியார் நிலத்தைக் கட்டாயமாக எடுக்க வகைசெய்த 1966ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பெரும்பங்கு உண்டு. அதன்கீழ் வழங்கப்பட்ட இழப்பீடு நெடுங்காலம் சந்தை விலையை எட்டவில்லை என்பதால், நிலமிழந்தோர் சுமந்த பாரத்தையும் இக்கணக்கில் சேர்த்தல் வேண்டும்.

தவணை முடிவு வெறும் ஏட்டளவிலான விதியன்று. சிங்கப்பூரின் கேலாங் வட்டாரத்தில் உள்ள லோரோங் 3 தெருவில் 1960இல் தொடங்கிய 60 ஆண்டுக் குத்தகை 2020 டிசம்பர் 31 அன்று முடிந்தபோது, 191 வரிசை வீடுகளும் இழப்பீடு ஏதுமின்றி அரசுக்குத் திரும்பின.