அருந்தாமல் வந்த போதை

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 61 வயதான ஒருவர், மது அருந்தாத நாள்களிலும் போதையில் தள்ளாடினார். அவர் மறைவாகக் குடிக்கிறார் என்றே மருத்துவர்கள் கருதினர். நோயைவிட அந்த ஐயமே கொடிது. செவிலியரான அவருடைய மனைவி, மூச்சுச் சோதனைக் கருவியால் அளந்து வந்தார்.

2010ஆம் ஆண்டு, மருத்துவர்கள் அவருடைய உடைமைகளைச் சோதித்தபின், 24 மணிநேரம் தனியறையில் வைத்து மாவுப்பொருள் மிகுந்த உணவளித்தனர். குருதியில் ஆல்கஹால் 0.12 விழுக்காடாக உயர்ந்தது! ரொட்டி மாவைப் பொங்கச்செய்யும் ஈஸ்ட் அவருடைய குடலில் பெருகி, உணவிலுள்ள சர்க்கரையை நொதிக்கவைத்து ஆல்கஹாலாக்கியிருந்தது. முன்னர் உட்கொண்ட நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகள் நன்மைதரும் பாக்டீரியாக்களை அழித்து, ஈஸ்டுக்கு இடமளித்திருக்கலாம். பூஞ்சை எதிர்ப்பு மருந்தும் மாவுப்பொருள் குறைந்த உணவும் அளித்தபின் போதை நின்றது. 2013இல் இச்செய்தி மருத்துவ ஆய்விதழில் வெளிவந்தது.