கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்: ரத்த ரிப்போர்ட் சொல்லும் சேதி

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை ஆரம்பித்தால், வாரா வாரம் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வார்கள். ‘நோய் கர்ப்பப்பையில இருக்கு, கையில எதுக்குங்க குத்திக்கிட்டே இருக்காங்க?’ என்று அலுத்துக்கொள்கிற பெண்கள் உண்டு. அந்த ரிப்போர்ட்டில் உள்ள மூன்று எண்கள், சிகிச்சை எப்படிப் போகும் என்பதற்குக் குறிப்புக் கொடுக்கின்றன. அவற்றில் ஒன்றைச் சரிசெய்யவும் வழி இருக்கிறது.

ஹீமோகுளோபின்

பெண்களுக்கு இது 12 கிராமாவது இருக்க வேண்டும். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. இந்த நோயில் ரத்தப்போக்கும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

காற்றில்லாத அடுப்பில் விறகு எரியுமா? கதிர்வீச்சும் அப்படித்தான். பிராணவாயு இருந்தால்தான் அது புற்று அணுக்களை நன்றாக அழிக்கும். பிராணவாயு இல்லாத அணுக்களை அழிக்க இரண்டு, மூன்று மடங்கு கதிர்வீச்சு தேவைப்படும். அந்தப் பிராணவாயுவைச் சுமந்து வருவது ஹீமோகுளோபின். சிகிச்சை முழுக்க ஹீமோகுளோபின் நல்ல அளவில் இருந்த பெண்களுக்குப் பலனும் நன்றாக இருந்ததை ஆய்வுகள் காட்டியுள்ளன. 10-க்குக் கீழே போனால் ரத்தம் ஏற்றுவது பல மருத்துவமனைகளில் வழக்கம். பயந்து மறுக்காதீர்கள்.

ரத்தம் ஊற வைக்கும் ஊசி போட்டுக்கலாமே என்பார்கள் சிலர். ரத்த நாளங்களில் ரத்தம் உறையும் ஆபத்து தெரிந்ததால், இந்த நோயாளிகளிடம் நடந்த அப்படியோர் ஆராய்ச்சி பாதியில் நிறுத்தப்பட்டது. டாக்டர் சொல்லாமல் எதுவும் வேண்டாம்.

வெள்ளை அணுக்கள்

ரிப்போர்ட்டில் நியூட்ரோஃபில், லிம்போசைட் என்று இரண்டு சதவிகிதம் இருக்கும். முதலாவதை இரண்டாவதால் வகுத்துப் பாருங்கள். 60-ம் 30-ம் என்றால் விடை 2. 80-ம் 10-ம் என்றால் 8. சிகிச்சைக்கு முன்பே இந்த விகிதம் அதிகமாக இருக்கும் பெண்களுக்குப் பலன் சற்றுக் குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. லிம்போசைட்தான் புற்று அணுக்களோடு போராடும் படை. நியூட்ரோஃபில் கூடுவது உடம்பில் அழற்சி இருப்பதற்கு அடையாளம். ஆனால் சாதாரணக் கிருமித்தொற்றிலும் இது ஏறும். இதுதான் எல்லை என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட ஓர் எண்ணும் கிடையாது.

தட்டணுக்கள்

ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை சாதாரணம். சிகிச்சைக்கு முன் அதற்கும் மேலே இருந்தால், நோய் சற்றுத் தீவிரமானது என்பதற்கு அறிகுறியாக இருக்கலாம்.

இது ஜாதகம் இல்லை!

எண் சரியில்லை என்றதும் ‘இனி அவ்வளவுதான்’ என்று சிகிச்சையை விட்டுவிடாதீர்கள். நோயின் கட்டம், கட்டியின் அளவு, நெறிக்கட்டிகளில் பரவியதா என்பவைதான் முதலில் முக்கியம். கதிர்வீச்சோடு மருந்தும் சேர்த்துக் கொடுப்பது நல்லது என்று 1999-லேயே உறுதியாகிவிட்டது. வெளிக்கதிர், உள்கதிர் இரண்டையும் 8 வாரத்துக்குள் முடிப்பது அவசியம். இடையில் நாள் தள்ளினால் பலன் குறையும். கவுண்ட் இறங்கினால் மருந்து தள்ளிப்போகும் என்பதால்தான் அந்த வாராந்தரப் பரிசோதனை.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

சிகிச்சைக்கு முன்பே முருங்கைக்கீரை, ஈரல், பயறு, முட்டை, நெல்லிக்காய் சேருங்கள். சாப்பிட்ட உடனே டீ, காபி வேண்டாம். அது இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாது. கதிர்வீச்சின்போது பேதியானால் கீரையை நிறுத்திவிட்டுக் குழைந்த சாதம், மோர் கொடுங்கள்.

ரத்தசோகையை எங்கள் சித்த மருத்துவம் ‘பாண்டு’ என்கிறது. அதற்கு அயச்செந்தூரம் போன்ற மருந்துகள் உண்டு. ஆனாலும் சித்த மருத்துவனாகவே சொல்கிறேன்: இந்தச் சிகிச்சை நடக்கும்போது செந்தூரம், பற்பம், பப்பாளி இலைச்சாறு எதையும் நீங்களாக எடுக்காதீர்கள். ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் புற்றுநோய் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் கஷாயம் வைத்துக்கொண்டிருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெள்ளை அணு குறைந்திருக்கும்போது காய்ச்சல் உயிருக்கே ஆபத்து.

அடுத்த முறை போகும்போது பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக ஒரு ஃபைலில் போட்டு எடுத்துப் போங்கள். ‘என் ஹீமோகுளோபின் எவ்வளவு? ஏற்ற என்ன செய்யணும்?’ என்று கூச்சப்படாமல் டாக்டரிடம் கேளுங்கள்.