எம்டன் கப்பலும் முதல் உலகப் போரும்: கடலாதிக்கப் போட்டியின் காரணமும் போக்கும்

ஆய்வுச் சுருக்கம்

1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவில் எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசியது. வட்டார வரலாற்று நூல்களில் இந்நிகழ்வு ஒரு தனித்த வியப்புச் செய்தியாகவே பெரிதும் இடம்பெறுகிறது. அதனை முதல் உலகப் போரின் காரணங்களோடும் போக்கோடும் இயைத்துக் காண இக்கட்டுரை முயல்கிறது. கடற்படைப் போட்டி அப்போரின் ஒரே காரணம் அன்று. எனினும் ஐரோப்பியப் பூசல் ஒன்று உலகப் போராக விரிந்தமைக்கு அதுவே அடிப்படை என்பது இங்கு நிறுவப்படுகிறது. 'எம்டன்' தமிழ்ச் சொல்லான முறையும், அந்நிகழ்வைச் சூழ்ந்த செவிவழிச் செய்தி ஒன்றும் ஆராயப்பெறுகின்றன.

குறிச்சொற்கள்: எம்டன், முதல் உலகப் போர், கடற்படைப் போட்டி, கடல் முற்றுகை, நீர்மூழ்கிப் போர், சொற்கடன்.

முன்னுரை

முதல் உலகப் போரைத் தமிழில் விளக்கும் பாடநூல்களும் அறிமுக நூல்களும் பெரும்பாலும் சராயேவோ நகரத்துக் கொலையில் தொடங்குகின்றன. 1914 ஜூன் 28ஆம் நாள் ஆஸ்திரியா-ஹங்கேரியின் பட்டத்து இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜூலை 28இல் ஆஸ்திரியா-ஹங்கேரி செர்பியாமீது போர் அறிவித்தது. பிற நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக அதில் இறங்கின. இவ்வரிசை போர் எப்போது தொடங்கியது என்பதைச் சொல்லும். ஐரோப்பாவுக்கு வெளியே அது ஏன் பரவியது என்பதைச் சொல்லாது. பால்கன் தீபகற்பத்தில் மூண்ட தீ, சரியாக 8 வாரங்களில் சென்னைக் கடற்கரையின் எண்ணெய்த் தொட்டிகளை எட்டியது எவ்வாறு? தரைப்படைகளின் வரலாறு மட்டும் இவ்வினாவுக்கு விடை தராது. கடற்படைகளின் வரலாற்றுக்குள் சென்றாக வேண்டும்.

கடல்மேல் எழுந்த போட்டி

1871இல் ஒன்றிணைந்த ஜெர்மனி, தொழில்வளத்தில் விரைந்து முன்னேறியபோதும் குடியேற்ற நாடுகளைப் பங்கிடும் பந்திக்குப் பிந்தியே வந்தது. பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் காலத்தில் 'உலக அரசியல்' என்னும் கொள்கை தலைதூக்கியது. 1897இல் கடற்படைத் துறைப் பொறுப்பேற்ற ஆல்ஃபிரட் டிர்பிட்ஸ் 1898, 1900 ஆகிய ஆண்டுகளில் நிறைவேற்றுவித்த கடற்படைச் சட்டங்கள் பெரும் போர்க்கப்பல் தொகுதி ஒன்றை உருவாக்கின. பிரித்தானியக் கடற்படையை வெல்லும் அளவுக்கு அது பெரிதாக வேண்டியதில்லை. அதனோடு மோதினால் பேரிழப்பு நேரும் என்று பிரித்தானியா அஞ்சும் அளவுக்குப் பெரிதானால் போதும் என்பது டிர்பிட்ஸின் கணக்கு. அவ்வச்சம் பிரித்தானியாவை ஜெர்மனியின் பக்கம் பணியவைக்கும் என்று அவர் நம்பினார்.

கணக்கு தலைகீழானது. உணவுப் பொருளில் பெரும்பகுதியைக் கடல்வழியே பெற்றுவந்த தீவு நாடு, தன் கடற்கரைக்கு எதிரே எழும் கடற்படையைப் பேரம்பேசும் கருவியாகக் காணவில்லை. உயிர்நிலைக்கு வைத்த குறியாகவே கண்டது. 1906இல் பிரித்தானியா கட்டிமுடித்த டிரெட்நாட் என்னும் போர்க்கப்பல் அதற்கு முந்தைய கப்பல்கள் அனைத்தையும் பழமையாக்கியது. அப்பழமையில் பிரித்தானியாவின் கப்பல்களும் அடங்கும் என்பதால், இரு நாடுகளும் ஏறத்தாழ முதலிலிருந்தே ஓடத் தொடங்கின. இடையே பிரித்தானியா 1904இல் பிரான்சோடும் 1907இல் ரஷ்யாவோடும் குடியேற்ற நாடுகள் பற்றிய பழம்பூசல்களைத் தீர்த்துக்கொண்டது.

1912க்குப் பின் ஜெர்மனி தரைப்படைக்கே முதலிடம் தந்தது. எனவே போர் மூண்ட வேளையில் கடற்படைப் போட்டி தணிந்திருந்தது என்பர். இது உண்மையே. ஆனால் போட்டி தணிந்தாலும் அது விளைத்த ஏற்பாடுகள் தணியவில்லை. 1912இல் பிரான்சு தன் கடற்படையை மத்தியதரைக் கடலில் குவித்தது; பிரித்தானியா தன் வலிமையை வடகடலில் குவித்தது. பிரான்சின் வடகரையைக் காக்கும் பொறுப்பு, எழுதப்படாத கடனாகப் பிரித்தானியாமீது விழுந்தது. 1914 ஆகஸ்ட் 2ஆம் நாள் பிரித்தானிய அமைச்சரவை முதலில் அளித்த வாக்குறுதி அக்கரையைப் பற்றியதே ஆகும். பெல்ஜியத்தின் நடுநிலைமை மீறப்பட்டமை அதற்குப் பின்னரே நிகழ்ந்தது.

1914 ஜூலை நெருக்கடி

ஜூலை மாதத்து நிகழ்வுகள் தமிழில் பலமுறை எழுதப்பட்டவை; இங்குச் சுருக்கமே போதும். ஜூலை 5, 6 நாள்களில் ஜெர்மனி ஆஸ்திரியாவுக்கு வரம்பற்ற ஆதரவு அளித்தது. 23ஆம் நாள் செர்பியாவுக்கு இறுதி எச்சரிக்கை சென்றது. 30ஆம் நாள் ரஷ்யா பொதுப் படைதிரட்டலுக்கு ஆணையிட்டது. படைதிரட்டல் என்பது அக்காலத்தில் ரயில் கால அட்டவணையோடு பிணைந்தது. ஒரு நாடு முந்தினால் மற்றொன்று வாளாவிருக்க இயலாது. இரு முனைகளில் போரிட நேரும் என்று அஞ்சிய ஜெர்மனி, முதலில் பெல்ஜியம் வழியே பிரான்சை வீழ்த்திப் பின்னர் ரஷ்யாவை எதிர்கொள்ளும் திட்டத்தை மட்டுமே கையில் வைத்திருந்தது. ஆகஸ்ட் 4ஆம் நாள் அதன் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்தது. அன்றே பிரித்தானியா போர் அறிவித்தது.

பிரித்தானியாவின் அறிவிப்பு அதன் பேரரசு முழுமையையும் கட்டுப்படுத்தியது. இந்திய மக்களிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. ஒரே நாளில் சென்னை, கொழும்பு, பினாங்கு ஆகியவை ஜெர்மனிக்குப் பகைத் துறைமுகங்களாயின. ஜெர்மனியும் ஆசியக் கடலுக்குப் புதிதன்று. 1898இல் சீனாவிடம் குத்தகையாகப் பெற்ற கியாவ்சாவ் விரிகுடாவின் சிங்தாவ் துறைமுகத்தில் அதன் கிழக்காசியக் கப்பற்படை தங்கியிருந்தது. எம்டன் அப்படையைச் சேர்ந்தது.

சிங்தாவ் முதல் சென்னை வரை

டான்சிக் நகரில் கட்டப்பெற்று 1908இல் நீரில் இறக்கப்பட்ட எம்டன், 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகள் பத்தினைத் தாங்கிய இலகுவகைப் போர்க்கப்பல். 1910 முதல் அது ஆசியக் கடலிலேயே இருந்தது. 1914 ஆகஸ்டில் ஜப்பானும் ஜெர்மனிக்கு எதிராகப் போரில் இறங்கவே, சிங்தாவ் முற்றுகைக்குள்ளாயிற்று, அக்கப்பற்படை தளமிழந்தது. தளமின்மை என்பது நிலக்கரியின்மை. நீராவிக் கப்பல் சில நாள்களுக்கு ஒருமுறை கரி ஏற்றியாக வேண்டும். தளபதி மாக்சிமிலியன் ஃபான் ஸ்பே தம் கப்பல்களைத் தென்னமெரிக்கா நோக்கிச் செலுத்த முடிவு செய்ததும், கார்ல் ஃபான் முல்லர் தலைமையில் எம்டனை மட்டும் இந்தியப் பெருங்கடலுக்கு அனுப்பியதும் இந்நெருக்கடியால்தான். ஒற்றைக் கப்பல் தான் பிடிக்கும் கப்பல்களின் கரியைக் கொண்டே உயிர்வாழலாம். ஒரு தொகுதியால் அது இயலாது.

மூன்று புகைபோக்கிகளையுடைய எம்டனில் நான்காவதாகப் பொய்ப் புகைபோக்கி ஒன்று நிறுவப்பட்டது. தொலைவிலிருந்து காண்போர் அதனைப் பிரித்தானியக் கப்பல் என்றே மயங்கினர். செப்டம்பர் 10 முதல் வங்கக் கடலில் அது வணிகக் கப்பல்களை மறித்தது. மாலுமிகளைப் பாதுகாப்பாக இறக்கியபின் கப்பலை மூழ்கடிப்பது முல்லரின் முறை. பிரித்தானிய ஏடுகளே அவருடைய நடத்தையைப் பாராட்டின.

செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணியளவில் எம்டன் சென்னையை அணுகியது. துறைமுகத்தில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. பர்மா எண்ணெய் நிறுவனத்தின் தொட்டிகளைக் குறிவைத்து 120க்கும் மேற்பட்ட குண்டுகள் வீசப்பட்டன, தொட்டிகள் தீப்பற்றின. துறைமுகத்தில் நின்ற கப்பலிலும் உயிரிழப்பு நேர்ந்தது. உயர் நீதிமன்ற வளாகத்தில் குண்டு விழுந்த இடத்தை நினைவுப் பலகை ஒன்று இன்றும் காட்டுகிறது. தாக்குதல் அரைமணி நேரத்துக்குள் முடிந்தது. எண்ணெயை எரிப்பது மட்டும் முல்லரின் நோக்கம் அன்று. இந்திய மக்களிடையே பிரித்தானியரின் மதிப்பைக் குலைத்து, வணிகத்தைத் தடுமாறச் செய்வதே அவர் கருதிய பயன். அஞ்சிய மக்கள் பலர் நகரைவிட்டு வெளியேறினர். வங்கக் கடலில் கப்பல் போக்குவரத்துத் தடைப்பட்டது.

அக்டோபரில் எம்டன் டியேகோ கார்சியா தீவில் தங்கியபோது, போர் மூண்டதையே அத்தீவினர் அறிந்திருக்கவில்லை. அக்டோபர் 28இல் அது பினாங்குத் துறைமுகத்துள் புகுந்து ரஷ்யப் போர்க்கப்பலான செம்ச்சூக்கையும், வெளியேறும்போது பிரெஞ்சுக் கப்பலான மூஸ்கேயையும் அழித்தது. நவம்பர் 9ஆம் நாள் கோகோஸ் தீவுகளின் கடலடித் தந்தி நிலையத்தை அழிக்கச் சென்றபோது, அந்நிலையத்தார் கம்பியில்லாத் தந்தியால் எச்சரிக்கை அனுப்பினர். ஆஸ்திரேலியப் படைகளை ஏற்றிய கப்பல்களுக்குக் காவலாக அருகே சென்றுகொண்டிருந்த சிட்னி என்னும் போர்க்கப்பல் விரைந்து வந்தது. எம்டன் சிதைந்து தரைதட்டியது. 130க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

சொல்லும் செவிவழிச் செய்தியும்

தமிழில் 'எம்டன்' என்பது தந்திரக்காரன், அஞ்சத்தக்கவன், கண்டிப்பானவன் ஆகிய பொருள்களில் வழங்குகிறது. ஜெர்மன் மொழியில் கப்பற்பெயர் பெண்பால். அப்பெயரோ எம்ஸ் ஆற்றங்கரை நகரத்தின் பெயர். தமிழில் அது ஆண்பால் ஒருமையாயிற்று. சொல்லிறுதியில் நின்ற 'அன்' என்னும் ஒலியை ஆண்பால் விகுதியாகத் தமிழ்ச் செவி கொண்டமையே இதற்குக் காரணம் எனலாம். அஃறிணைப் பெயர் ஒன்று ஈற்றொலியால் உயர்திணையான அரிய சான்று இது. மகரத்தின்முன் டகரம் மயங்குதல் தமிழ் மெய்ம்மயக்க விதிக்கு ஏலாதது. ஆயினும் சொல் நிலைத்தது. 'எமன்' என்னும் சொல்லின் ஒலிச்சாயல் அதற்குத் துணைபுரிந்திருக்கக்கூடும். மலையாளத்தில் மிகப் பெரியது என்னும் பொருளில் வழங்கும் 'எமண்டன்' என்பதையும் இக்கப்பலோடு தொடர்புபடுத்துவர். 2006இல் 'எம்டன் மகன்' எனத் தொடக்கத்தில் பெயரிடப்பட்ட திரைப்படம் பின்னர் 'எம் மகன்' எனப் பெயர் மாற்றம் பெற்றது. சொல் வேரூன்றியபின்னும் அதன் குடியுரிமை ஐயத்துக்குரியதாகவே இருந்துள்ளது.

எம்டனில் செண்பகராமன் பிள்ளை இருந்தார், சென்னைத் தாக்குதலை அவரே வழிநடத்தினார் என்னும் செய்தி தமிழ் நூல்கள் பலவற்றில் காணப்படுகிறது. கப்பலின் பயண வழி இதற்கு இடந்தரவில்லை. 1910க்குப் பின் எம்டன் ஐரோப்பாவுக்குத் திரும்பவில்லை. செண்பகராமனோ போர் மூண்டபோது சூரிச் நகரில் இந்திய விடுதலைக்கான குழுவை அமைத்துச் செயற்பட்டு, பின்னர் பெர்லின் சென்றவர். முற்றுகையிடப்பட்ட சிங்தாவுக்கோ நடுக்கடலுக்கோ அவர் சென்றிருக்க வழியில்லை. அவர்தம் பணியின் பெருமை இச்செய்தியைச் சார்ந்து நிற்பதும் அன்று. சான்றின்றி வழிவழியாக எடுத்தாளப்படும் இதனை ஆய்வேடுகளில் வரலாற்று உண்மையாகத் தருவது தவிர்க்கத்தக்கது.

முற்றுகையும் நீர்மூழ்கியும்

எம்டனின் அழிவோடு கடற்போர் முடியவில்லை, உருமாறியது. ஸ்பேயின் கப்பல்கள் 1914 டிசம்பர் 8இல் ஃபாக்லந்து தீவுகளருகே அழிந்தன. தரையில் மார்ன் ஆற்றங்கரைப் போருக்குப் பின் மேற்கு முனை பதுங்குகுழிகளில் உறைந்தது. 1916இல் வெர்டன், சோம் ஆகிய களங்களில் இலட்சக்கணக்கானோர் மடிந்தும் எல்லைக்கோடு சில மைல்களே நகர்ந்தது. முடிவைத் தரும் இடம் கடலே என்பதை இரு தரப்பும் உணர்ந்தன. பிரித்தானியா வடகடலை அடைத்து ஜெர்மனியின் இறக்குமதியை நெரித்தது. 1916-17 குளிர்காலத்தில் அந்நாட்டு மக்கள் உருளைக்கிழங்குக்கு மாற்றாக டர்னிப் கிழங்கை உண்ண நேர்ந்தது. டிர்பிட்ஸ் கட்டிய பெருங்கப்பல்கள் 1916 மே 31இல் ஜட்லண்ட் கடலில் ஒருமுறை மோதியபின் பெரும்பாலும் துறைமுகத்திலேயே கிடந்தன.

முல்லர் செய்த வணிகப் போரை நீர்மூழ்கிகள் கையிலெடுத்தன. ஆனால் மாலுமிகளை இறக்கிக் காப்பாற்ற நீர்மூழ்கியில் இடமில்லை. 1915 மே 7இல் லூசிடானியா கப்பல் மூழ்கி 1,198 பேர் மாண்டனர். 1917 பிப்ரவரி 1 முதல் ஜெர்மனி வரம்பற்ற நீர்மூழ்கிப் போரைத் தொடங்கியது. ஏப்ரல் 6இல் அமெரிக்கா போரில் இறங்கியது. பிரித்தானியாவைப் பணியவைக்க எடுத்த படைக்கலம் மீண்டும் ஒரு புதிய பகையையே ஈட்டித் தந்தது. இக்காலமெல்லாம் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் பிரித்தானியாவின் கடல்வழிகளைக் கடந்து பிரான்சிலும் மெசபடோமியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பணியாற்றினர். அவர்களுள் எவர் பெயரும் எம்டனைப் போலத் தமிழ்ப் பேச்சில் தங்கவில்லை.

கீல் துறைமுகமும் ஸ்காப்பா ஃப்ளோவும்

1918 மார்ச்சில் ஜெர்மனி மேற்கு முனையில் தொடுத்த பெருந்தாக்குதல் கோடையில் முறிந்தது. அக்டோபர் இறுதியில் கடற்படைத் தலைமை, தோல்வி உறுதியான நிலையிலும், பெருங்கப்பல்களை ஓர் இறுதிப் போருக்கு அனுப்ப முனைந்தது. வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனில் மாலுமிகள் பணிய மறுத்தனர். நவம்பர் 3இல் கீல் துறைமுகம் கிளர்ந்தெழுந்தது. நவம்பர் 9இல், எம்டன் அழிந்து சரியாக நான்காண்டுகள் நிறைந்த அன்று, பேரரசரின் முடிதுறப்பு அறிவிக்கப்பட்டது. 11ஆம் நாள் போர் ஓய்ந்தது.

ஓய்வு உடன்படிக்கையின்படி ஜெர்மானியக் கப்பல்கள் ஸ்காட்லாந்தின் வடக்கே ஸ்காப்பா ஃப்ளோ என்னுமிடத்தில் காவலில் வைக்கப்பட்டன. அவற்றுள் முதற்கப்பலின் நினைவாகப் பெயர்பெற்ற மற்றோர் எம்டனும் இருந்தது. தளபதி லுத்விக் ஃபான் ராய்ட்டர் அதனையே தம் தலைமைக் கப்பலாகக் கொண்டார். 1919 ஜூன் 21ஆம் நாள் கப்பல்கள் அனைத்தையும் மூழ்கடிக்கும்படி அவர் விடுத்த ஆணை எம்டனிலிருந்து கொடிக்குறியாகப் புறப்பட்டது. 74 கப்பல்களுள் 52 மூழ்கின. எம்டன் மூழ்கவில்லை, பிரித்தானியர் அதனைக் கரைக்கு இழுத்துத் தரைதட்டச் செய்தனர்.