பின்வாசல் டிரம்

அன்புள்ள தங்கச்சி,

புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் சின்னதாக ஓர் இடம் குத்தகைக்குப் பிடித்திருக்கிறேன், ஓட்டல்களிலும் கல்யாண மண்டபங்களிலும் சாப்பாட்டுக் கழிவை எடுத்து எரு போடப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். குட்டியானை வண்டியும் வாங்கியாயிற்று, எந்த மெஷின் வாங்கலாம் என்பதுதான் உன் கேள்வி. அதற்கும் வருகிறேன். இதே யோசனையோடு என்னிடம் கேட்கிற பிள்ளைகள் இன்னும் பலர் இருப்பதால், எல்லாரும் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன்.

முதலில் இடம். கருவடிக்குப்பத்துக்காரர்களுக்குக் குப்பையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சித்தானந்தர் கோயிலும், பாரதியின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் குயில் தோப்பும் இருக்கிற அந்தப் பகுதியில்தான் ஒரு காலத்தில் நகரத்துக் குப்பையைக் கொண்டுவந்து கொட்டினார்கள். பிறகுதான் அது குருமாம்பேட்டுக்குப் போனது. மறுபடியும் ஒருத்தி வந்து கழிவு என்று பேச்செடுத்தால் அவர்கள் முகம் சுளிப்பது நியாயம். வண்டி ஓடத் தொடங்குமுன் பக்கத்து வீடுகளுக்குப் போ. என்ன செய்யப் போகிறாய், வண்டி எத்தனை மணிக்கு வரும், நாற்றம் அடித்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லி, உன் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வா. ராத்திரி பத்து மணிக்கு அழைத்தாலும் எடு.

சோறும் காயும் எப்படியும் மக்கிப் போகிறவைதானே, இதில் என்ன கெடுதல் என்று கேட்பவர்கள் உண்டு. குப்பைமேட்டில் கொட்டி, அதன்மேல் இன்னும் கொட்டிக்கொண்டே போனால் உள்ளே காற்றுப் புகாது. காற்றில்லாமல் அழுகுகிற சாப்பாட்டிலிருந்து மீத்தேன் வரும். நூறு வருஷக் கணக்கில் பார்த்தால், கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு அது. தீயும் பிடிக்கும். 2023 மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரம் கிடங்கு எரிந்தபோது ஊரே பல நாள் புகையில் மூச்சுத் திணறியது. கொழும்புக்குப் பக்கத்தில் மீதொட்டமுல்லையில், 2017 ஏப்ரல் 14-ஆம் தேதி, புத்தாண்டு அன்று குப்பைமேடு சரிந்து வீடுகள்மேல் விழுந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் கணக்குப்படி 2022-இல் உலகம் 105 கோடி டன் உணவை வீணாக்கியிருக்கிறது. அதில் 28 சதவீதம் ஓட்டல், கேன்டீன் மாதிரியான இடங்களிலிருந்து வந்தது. நீ போய் நிற்கப்போகிற பின்வாசல்கள் அவைதான்.

அந்தப் பின்வாசலில்தான் உன் தொழில் ஜெயிப்பதும் தோற்பதும். எரு போடுகிற இடத்தில் எவ்வளவு சாமர்த்தியம் காட்டினாலும், டிரம் கெட்டு வந்தால் ஒன்றும் நடக்காது. ஒரு மண்டபத்தில் பந்தி முடிந்ததும் டிரம்முக்குள் எட்டிப் பார். மேலே வாழை இலை, சோறு, கூட்டு. கையுறை போட்டுக் கிளறு. தண்ணீர் பாட்டில் மூடி, ஐஸ்கிரீம் கப், அதன் தட்டைக் குச்சி, பீடாவில் குத்திய பல்குச்சி, டிஷ்யூ, மேசைமேல் விரித்த பிளாஸ்டிக் தாள் எல்லாம் கைக்கு வரும். அந்தத் தாள் ஒன்று போதும். கிழிந்து கிழிந்து கடைசிச் சல்லடை வரைக்கும் கூடவே வரும்.

இதை மேனேஜரிடம் பேசித் தீர்க்க முடியாது. அவர் தலையாட்டுவார், அவ்வளவுதான். இலை எடுக்கிற அக்காவும், பாத்திரம் தேய்க்கிற அம்மாவும், காய் நறுக்குகிற பையனும்தான் டிரம்முக்கு எஜமானர்கள். அவர்கள் பெயரைத் தெரிந்துகொள். மக்குகிறதற்கு ஒரு நிறம், மற்றதற்கு ஒரு நிறம் என்று டிரம் வை. அவர்கள் நிற்கிற இடத்திலிருந்து கை எட்டுகிற தூரத்தில் வை. பத்தடி தள்ளி வைத்தால் ராத்திரி பதினோரு மணிக்குக் களைத்துப்போன யாரும் நடக்க மாட்டார்கள். சாம்பார், ரசம் வடிய ஒரு ஓட்டைக் கூடையும் கொடு. கலந்து வந்தால் சண்டை போடாதே. டிரம்மை அங்கேயே விட்டுவிட்டு, போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு வா. கலந்த டிரம்மை ஒரு நாள் எடுத்துக்கொண்டாய் என்றால் மறுநாளும் அதுதான் வரும்.

காசு விஷயத்தில் கூச்சமே வேண்டாம். எரு விற்றுப் பிழைக்கலாம் என்று பலர் இதில் இறங்குகிறார்கள். 2016-இல் நகர்ப்புற எருவுக்கு மத்திய அரசு அறிவித்த உதவித் தொகை டன்னுக்கு 1500 ரூபாய், அதாவது கிலோவுக்கு ஒன்றரை ரூபாய். அந்த எருவின் விலை எந்த அளவில் நின்றது என்று அதிலிருந்தே கணக்குப் போட்டுக்கொள். நூறு கிலோ சாப்பாட்டுக் கழிவில் முக்கால் பங்கு வெறும் தண்ணீர். மக்கி முடிந்தால் இருபது கிலோ சொச்சம் தேறும். ஆகவே எடுப்பதற்கே கூலி வாங்கு, மாதச் சந்தாவாக வாங்கு. 2016-இல் வந்த திடக்கழிவு விதிகளே நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை வருகிற இடங்களைத் தனியாக வகைப்படுத்தி, மக்கும் கழிவை முடிந்தவரை தங்கள் வளாகத்திலேயே எருவாகவோ எரிவாயுவாகவோ ஆக்கச் சொன்னன. அவர்கள் செய்ய வேண்டியதை நீ செய்து கொடுக்கிறாய், அதற்குக் கூலி. இலவசமாக எடுத்தால் நாலாவது மாதம் டீசலுக்குக் கடன் வாங்குவாய்.

எடுத்தது எல்லாவற்றையும் குவியலில் போட வேண்டும் என்பதும் இல்லை. வேலூரில் கழிவு மேலாண்மை செய்துகாட்டிய சீனிவாசனின் வழியைப் படி. காலையிலேயே புதுசாக எடுத்து, பிரித்து, மாட்டுக்கு ஆவது மாட்டுக்கு, கோழிக்கும் வாத்துக்கும் ஆவது அவற்றுக்கு, மிச்சம்தான் சாணத்தோடு எருவுக்கு என்று வைத்திருந்தார். கீரைத் தண்டும் முட்டைக்கோஸ் மேல் இலையும் எருவாவதற்கு முன் ஒரு பசுவின் வயிற்றுக்குப் போகட்டும். ஆனால் சோற்றைக் கூடை கூடையாக மாட்டுக்குக் கொடுக்காதே. வயிறு உப்பிச் செத்துப்போகும். கைபடாத நல்ல சாப்பாடு மிஞ்சினால் அது மனுஷருக்கு. கோயம்புத்தூரில் 2014-இல் தொடங்கிய ‘நோ ஃபுட் வேஸ்ட்’ அந்த வேலையைத்தான் செய்கிறது.

இப்போது குவியல். ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஆல்பர்ட் ஹோவர்ட் 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்து, நம் விவசாயிகளும் சீனத்து விவசாயிகளும் செய்ததிலிருந்து கற்று ஒழுங்குபடுத்திய முறையில் குவியலைப் புரட்டிப் புரட்டிக் காற்று ஏற்ற வேண்டும். 1939-இல் வேளாண் விஞ்ஞானி ஆச்சார்யா கொண்டுவந்த பெங்களூரு முறையில் குழியில் அடுக்கி மூடிவிட வேண்டும். குழி உனக்கு வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் புதுச்சேரியில் குழி என்பது குட்டைதான். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. எரு அத்தனை தண்ணீரில் ஊறினால் கறுப்புச் சாறு தெருவில் ஓடும், கிணற்றில் இறங்கும். தரையை ஒரு அடி உயர்த்தி சிமென்ட் போடு, சாறு வடிய ஒரு வாய்க்காலும் தொட்டியும் கட்டு, மேலே தகரக் கூரை போடு. மெஷினுக்கு வைத்திருக்கிற பணம் இதற்குத்தான். இருபத்து நாலு மணி நேரத்தில் எரு என்று விற்கிறார்களே, அவற்றில் பல சாப்பாட்டைக் காய வைத்துத் தூளாக்கித் தருகின்றன. அந்தத் தூளில் தண்ணீர் பட்டதும் மறுபடி நாற ஆரம்பிக்கும்.

ஈரக் கழிவுக்குச் சமமாகக் காய்ந்தது வேண்டும்: சருகு, மரத்தூள், தென்னை நார்த்தூள். சனி, ஞாயிறு சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கூட்டம் வந்து ஊர் நிறையும். முகூர்த்த நாளில் மண்டபம் ஒன்றே வண்டியை நிரப்பும். சருகு கையிருப்பு இல்லாத திங்கட்கிழமையில்தான் பக்கத்து வீட்டிலிருந்து போன் வரும். வாழை இலையை முழுசாகப் போடாதே, வெட்டிப் போடு. முழு இலை தட்டுத் தட்டாக ஒட்டிக்கொண்டு காற்றை அடைக்கும். எலும்பும் இறால் ஓடும் குவியலின் நடுவில், மேலே அரை அடி நார்த்தூள். நடுக்குவியலில் 55 டிகிரிக்கு மேல் சூடு சில நாள் நிற்க வேண்டும். ஒரு தெர்மாமீட்டர் வாங்கு. ஈரத்துக்கு உன் கை போதும். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டுதான் கசிய வேண்டும். ஒழுகினால் சருகு சேர், உதிர்ந்தால் தண்ணீர் தெளி. மூக்கில் சுள்ளென்று ஏறினால் நைட்ரஜன் ஆவியாகப் போகிறது என்று அர்த்தம். மரத்தூளைக் கொட்டிப் புரட்டு.

உப்பைப் பற்றி யாரும் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். ஊறுகாய், அப்பளம், குழம்பு, கருவாடு என்று நம் சமையல் உப்பு அப்படியே எருவில் இறங்கும். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆகாது. நாற்றுப் பையில் போட்ட செடி நுனி கருகி நிற்கும்போதுதான் தெரியும். உரக் கட்டுப்பாட்டு ஆணை நகர்ப்புற எருவில் உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத் திறன் மீட்டருக்கு 4 டெசிசீமென்ஸைத் தாண்டக் கூடாது என்கிறது. கரிம–நைட்ரஜன் விகிதம் 20-க்குள் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. குருமாம்பேட்டில் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறதே, அங்கே போய்க் கேள். வீட்டிலேயே ஒரு சோதனையும் உண்டு: ஒரு தொட்டியில் எருவும் மண்ணும் கலந்து, இன்னொன்றில் வெறும் மண் போட்டு, இரண்டிலும் பச்சைப்பயறு விதை. எருத் தொட்டியில் முளைப்பு பின்தங்கினால் அந்த எரு இன்னும் விற்பனைக்கு ஆகவில்லை.

ஒன்று மனசு கனக்கத்தான் எழுதுகிறேன். எச்சிலைத் தொடுகிற வேலையைச் சில சாதிகளின் தலையில் கட்டிவைத்த நாடு நம்முடையது. “இதுக்கா படிச்சே?” என்று உன் வீட்டிலேயே கேட்பார்கள். உன்னோடு டிரம் தூக்குகிற பையன்களைப் பார்த்து எதுவும் கேட்க மாட்டார்கள். அவர்கள் இதற்கென்றே பிறந்தவர்கள் என்ற நினைப்பு. அந்த நினைப்பு உன் கொட்டகைக்குள் வரக் கூடாது. பூட்ஸ், கையுறை, டெட்டனஸ் ஊசி, வேலை முடிந்ததும் குளிக்கத் தண்ணீரும் சோப்பும், முதல் தேதி சம்பளம், மாற்றி மாற்றி வார லீவு. முதலாளியம்மாவாக ஓரமாய் நிற்காதே, நீயும் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கு. ஓட்டலில் அவர்களுக்கு டீயைத் தனி டம்ளரில் கொடுத்தால் அந்த ஓட்டலை அன்றைக்கே விட்டுவிடு. சந்தா போனால் போகட்டும்.

ஐப்பசிக்கு முன் கூரை வேலையை முடித்துவிடு. முதல் குவியலைச் சலித்ததும் நர்சரிக்காரர்களுக்குக் கொடுக்காதே. ஒரு கிலோ பையில் கட்டி எனக்கு அனுப்பு. பயறு போட்டுப் பார்த்து எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் அக்கா