விலகி நின்று காணல்

நுழையும்முன்

திமிங்கிலத்தைக் கொன்று பிழைத்த கரை ஒன்று, இன்று அதனைக் காட்டி வாழ்கிறது. இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது? பேருயிர் ஒன்றைக் காணச் செல்வோர் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்கு யாது? நியூசிலாந்து நாட்டின் கடற்கரை ஊர் ஒன்று இவ்வினாக்களுக்கு விடை தருகிறது.

ஆழம் தேடிவந்த ஊர்

நியூசிலாந்தின் தென்தீவில், கிழக்குக் கரையில் அமைந்த சிற்றூர் கைகோரா. மாவோரி மொழியில் 'கை' என்பது உணவு. 'கோரா' என்பது சிங்கி இறால். கடல்வளத்தைத் தன் பெயரிலேயே தாங்கிய ஊர் அது. அதன் கரைக்கு மிக அருகிலேயே, 1000 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுடைய கடலடிப் பள்ளத்தாக்கு அமைந்துள்ளது. அங்கு வாழும் கணவாய்களையும் மீன்களையும் தேடி, ஸ்பெர்ம் திமிங்கிலம் எனப்படும் எண்ணெய்த் திமிங்கிலங்கள் ஆண்டு முழுவதும் வருகின்றன. பற்களையுடைய திமிங்கிலங்களுள் இதுவே மிகப் பெரியது. வளர்ந்த ஆண் திமிங்கிலம் ஏறத்தாழ 16 மீட்டர் நீளமுடையது. கரையிலிருந்து படகில் புறப்பட்ட சிறிது நேரத்திலேயே இதனைக் காணலாம் என்பது கைகோராவின் தனிச்சிறப்பு.

வேட்டையும் வாழ்வும்

1840களில் ஐரோப்பியர் இக்கரையில் திமிங்கில வேட்டை நிலையங்களை அமைத்தனர். கொழுப்பை உருக்கி எடுத்த எண்ணெய், விளக்கெரிக்கவும் எந்திரங்களுக்கு இடவும் பயன்பட்டது. திமிங்கில முதுகெலும்புகளை அடித்தளமாகக் கொண்டு அக்காலத்தில் கட்டப்பட்ட வீடு ஒன்று இன்றும் அவ்வூரில் உள்ளது. நியூசிலாந்தில் திமிங்கில வேட்டை 1964இல் முடிவுற்றது. கடற்பாலூட்டிகளைக் காக்கும் சட்டம் 1978இல் இயற்றப்பட்டது.

1980களில் தொடர்வண்டித் துறையில் நிகழ்ந்த ஆட்குறைப்பால் கைகோராவில் பலர் வேலையிழந்தனர். மாவோரி மக்கள் பெரிதும் பாதிக்கப்பட்டனர். அவர்களது மரபுக்கதையின்படி, முன்னோரான பைக்கியா திமிங்கிலத்தின் முதுகில் ஏறி இந்நாட்டை அடைந்தவர். அத்திமிங்கிலத்தையே மீண்டும் துணையாகக் கொள்ள எண்ணினர் சில குடும்பத்தினர். தம் வீடுகளை அடகு வைத்துப் பணம் திரட்டி, 1987இல் ஒரு சிறு படகுடன் திமிங்கிலங்களைக் காட்டும் தொழிலைத் தொடங்கினர். திமிங்கிலங்கள் விலகிச் சென்றிருந்தால் அவர்கள் வீடுகளையும் இழந்திருப்பர்.

செவியால் தேடுதல்

எண்ணெய்த் திமிங்கிலம் நீருக்குள் மூழ்கினால் முக்கால் மணி நேரம் வரை மேலே வராது. பரந்த கடலில் அதனைக் கண்ணால் மட்டும் தேடுவது அரிது. எனவே, வழிகாட்டிகள் படகை நிறுத்தி, நீரடி ஒலிவாங்கியைக் கடலில் இறக்குகின்றனர். இருண்ட ஆழத்தில் இரையைக் கண்டறிய, திமிங்கிலம் 'டக், டக்' என இடைவிடாமல் ஒலி எழுப்பும். அவ்வொலி வரும் திசையைக் கொண்டு அது இருக்கும் பகுதியை அறிகின்றனர். ஒலி நின்றுவிட்டால், அது மேலே வரத் தொடங்கிவிட்டது என உணர்கின்றனர்.

மேலே வந்ததும் அது விடும் மூச்சு, நீராவிக் கற்றையாகத் தெரியும். மூச்சுத்துளை தலையின் இடப்பக்கத்தில் இருப்பதால் அக்கற்றை முன்னோக்கி, இடப்புறமாகச் சாய்ந்தே எழும். தொலைவில் தெரியும் அந்தச் சாய்வைக் கொண்டே இன்ன வகைத் திமிங்கிலம் என வழிகாட்டி கூறிவிடுவார். மீண்டும் மூழ்குமுன் அது வாலை உயர்த்தும். வாலின் விளிம்பிலுள்ள வெட்டுகளும் வடுக்களும் ஒவ்வொன்றுக்கும் வேறுபடும். அவற்றைக் கொண்டு அது முன்பு வந்து சென்ற திமிங்கிலமா என்பதையும் அறியலாம்.

ஐம்பது மீட்டர்

திமிங்கிலம் நீர்ப்பரப்பில் தங்குவது ஏறத்தாழப் பத்து நிமிடங்களே. அடுத்த நெடிய மூழ்கலுக்குத் தேவையான உயிர்வளியை அது அப்போதுதான் சேர்த்துக்கொள்கிறது. படகின் நெருக்கத்தால் அஞ்சி முன்னரே மூழ்குமானால், குறைந்த மூச்சுடன் இரைதேட நேரிடும். நமக்கு அது காட்சி, அதற்கோ உயிர்ப்பு.

ஆதலால், 1992ஆம் ஆண்டின் விதிகள் சில எல்லைகளை வகுத்துள்ளன. படகு திமிங்கிலத்தை 50 மீட்டருக்குள் நெருங்கலாகாது. 300 மீட்டர் சுற்றளவுக்குள் ஒரே நேரத்தில் மூன்று படகுகளுக்கு மேல் இருத்தல் கூடாது. எதிரே சென்று வழிமறித்தலும் கூடாது. சற்றுப் பின்னிருந்து, அதன் போக்கிற்கு இணையாகவே செல்ல வேண்டும். பயணிகள் இன்னும் அருகில் செல்ல விரும்புவது இயல்பு. அவ்விருப்பத்திற்கு இணங்காதிருப்பதும் வழிகாட்டியின் கடமையாகும்.

மூச்சின் சாய்வையும் மூழ்கும் நேரத்தையும் அன்றைய வேட்டையாளரும் அறிந்திருந்தனர். அவர்கள் அந்த அறிவை நெருங்குவதற்குப் பயன்படுத்தினர். இன்றைய வழிகாட்டிகள் விலகி நிற்பதற்கும் பயன்படுத்துகின்றனர். கொல்லப்பட்ட திமிங்கிலம் ஒருமுறை மட்டுமே பொருள் தந்தது. வாழவிடப்பட்ட திமிங்கிலமோ ஓர் ஊரையே வாழ்விக்கிறது.

கற்பவை கற்றபின்

1. 'நமக்கு அது காட்சி. அதற்கோ உயிர்ப்பு' என்னும் தொடரின் பொருளைப் பாடப்பகுதி கொண்டு விளக்குக.

2. பாக் விரிகுடாவில் 2022இல் அறிவிக்கப்பட்ட கடற்பசுப் பாதுகாப்பகம் குறித்துச் செய்திகள் திரட்டி, வகுப்பறையில் உரையாற்றுக.

3. உங்கள் ஊருக்கு வரும் பறவைகளையோ விலங்குகளையோ காண வருவோர் பின்பற்ற வேண்டிய ஐந்து விதிகளைக் காரணத்துடன் எழுதுக.